28-ஆம் நாளுக்கு அப்புறம்: சென்னை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் சென்சார், புதுவகை சிமென்ட், வெள்ளத்துக்கான கணினி மாதிரி என்று வேலை பார்த்துக்கொண்டிருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பிரஷர் கேஜ், தெர்மோகப்பிள், லெவல் டிரான்ஸ்மிட்டர், பிஎச் மீட்டர் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, சரிபார்த்துத் திரும்ப மாட்டுவதுதான் என் பிழைப்பு. இப்போது இருப்பது வேளச்சேரியில். மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்திவிட்டு வருகிறார்களே, அதே வேளச்சேரி. என்னிடம் கார் இல்லை. ஸ்கூட்டரைப் படியேற்றி ஹாலுக்குள் நிறுத்துவேன்.

எங்கள் தெரு முனையில் வாய்க்கால்மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. 2021 கடைசியில் அதன் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கம்பம் நட்டார்கள். கம்பத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, மேலே சோலார் பேனல், கீழே தண்ணீரைப் பார்த்தபடி புனல் மாதிரி ஒரு வாய். ஒலியை அனுப்பித் தண்ணீர் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் லெவல் சென்சார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆராய்ச்சி மாணவர்கள் நாலு பேர் வந்து மாட்டினார்கள். மாட்டிய அன்று ஒரு பேராசிரியர், இரண்டு கேமரா, ஒரு பேனர். பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் ஓர் இணைய முகவரி இருந்தது. போனில் தட்டினால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கோடு வரையும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் தொழில் தெருவுக்கு வந்துவிட்டதே!

அடுத்த சித்திரையில், வாய்க்கால் காய்ந்து நாய் படுத்திருந்த ஒரு மத்தியானம், அந்தப் பக்கத்தைத் திறந்தால் தண்ணீர் பாலத்தின் அடி வரை நிற்பதாகக் காட்டியது. குனிந்து பார்த்தேன். புனலுக்குள் சிலந்தி வலை. சென்சார் அனுப்பிய ஒலி வலையில் பட்டு உடனே திரும்பிவிடுகிறது. தண்ணீர் முகத்துக்கு நேரே வந்துவிட்டது என்று அது நம்பிவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு தொட்டியில் இதே கூத்து நடந்திருக்கிறது. அங்கே குளவிக் கூடு. பழைய டூத் பிரஷ் ஒன்று போதும், சரியாகிவிடும். தாளில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். உபயோகத்தில் இல்லை என்றது. நாமே துடைத்துவிடலாமா என்று கை பரபரத்தது. அடுத்தவர் கருவியில் கை வைக்கக்கூடாது என்பது தொழிலில் பழகிய பழக்கம், விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் கோடு தானாகவே ஒழுங்காகிவிட்டது. யாரோ வந்து துடைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. எங்கள் வீட்டு வராந்தாவில் முழங்கால் வரை தண்ணீர். வடிந்து, கரன்ட் வந்து, போனுக்குச் சார்ஜ் ஏறியதும் நான் முதலில் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். கோடு கொஞ்ச நேரம் ஏறி, அப்புறம் பலகையில் வைத்து இழுத்ததுபோல் மட்டமாகப் போயிருந்தது. அதன் கணக்குப்படி அந்த இரவு முழுக்கத் தண்ணீர் சாலையைத் தொடவே இல்லை.

காரணம் கோடையில்தான் தெரிந்தது. பெட்டியைக் கழற்ற ஒரு பையன் வந்தான். நல்ல வெயில். கூப்பிட்டு மோர் கொடுத்தேன்.

“ஏன் தம்பி கழற்றுகிறீர்கள்?”

“ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு சார்.”

சிலந்தி வலையைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டான். அப்போது யாரும் வந்து துடைக்கவில்லையாம். தண்ணீர் மட்டம் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே வந்தால் அதைத் தப்பான அளவு என்று தள்ளிவிட்டு, கடைசியாக வந்த நல்ல அளவையே காட்டு என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். வலையும் காற்றில் அறுந்து போயிருக்க வேண்டும். அந்த வரி மட்டும் அப்படியே இருந்துவிட்டது. வெள்ளம் வந்தபோது வெள்ளத்தையும் சிலந்தி வலை என்று தள்ளிவிட்டது.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இது பெரிய இடத்திலும் நடப்பதுதான். அண்டார்டிக் மேலே ஓசோன் மெலிவதை 1985-இல் வெளியில் சொன்னவர்கள் தரையிலிருந்து பழைய கருவியை வைத்துப் பல வருடம் விடாமல் அளந்துகொண்டிருந்த பிரிட்டிஷ்காரர்கள். நாசாவின் செயற்கைக்கோள் அதே குறைந்த அளவுகளை ஏற்கெனவே பதிவு செய்திருந்தது. ஆனால் இவ்வளவு குறைவாக இருக்க வாய்ப்பில்லை என்று அதன் மென்பொருள் அவற்றைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தது.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். நீங்கள் முதல் நாளை ஆராய்ச்சி செய்கிறீர்கள். நாங்கள் ஆயிரமாவது நாளில் குடியிருக்கிறோம்.

சென்சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் அது தூரம் சொல்கிறது. காற்றின் சூடு 1 டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடும். மழை பெய்து 25 டிகிரிக்கு இறங்கிய சாயங்காலத்துக்கும் 40 டிகிரி மத்தியானத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சென்சார் கணக்கில் எடுக்காவிட்டால், 5 மீட்டர் தூரத்தில் சுமார் 13 சென்டிமீட்டர் பிசகும். கிட்டத்தட்ட எங்கள் வாசற்படி ஒன்றின் உயரம். இதைச் சரிக்கட்ட உள்ளேயே ஒரு வெப்பமானி வைத்திருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெயிலில் காயும் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி பெட்டியின் சூட்டைச் சொல்லும், வாய்க்கால்மேல் இருக்கும் காற்றின் சூட்டைச் சொல்லாது. இன்னொன்றும் உண்டு. அல்ட்ராசோனிக் சென்சாருக்கு முகத்தருகே ஒரு குருட்டுத் தூரம் இருக்கும். தண்ணீர் அதற்குள் வந்துவிட்டால் அளக்கத் தெரியாது. பாலத்தின் அடியிலேயே மாட்டினால், எந்த நேரத்தில் நமக்கு அது அவசியமோ அந்த நேரத்தில்தான் அதற்குக் கண் தெரியாமல் போகும்.

இதெல்லாம் புதுக் கவலையும் இல்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பறங்கிமலை தெரியும். 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான முதல் நேர்கோட்டை அங்கேதான் அளக்கத் தொடங்கினார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேக்கு அதுதான் தொடக்கம். தூரம் சுமார் 7.5 மைல். எஃகுச் சங்கிலியை நீட்டி வைத்து, பக்கத்தில் வெப்பமானியையும் வைத்து, வெயிலில் சங்கிலி எவ்வளவு நீண்டது என்று ஒவ்வொரு தடவையும் கழித்துக் கழித்து அளந்திருக்கிறார்கள். அதே வெயில்தான் இப்போதும் அடிக்கிறது.

தொழிற்சாலையில் எந்தக் கேஜை எடுத்தாலும் அதில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்து சரிபார்க்க வேண்டிய தேதி, பார்த்தவன் கையெழுத்து. தேதி தாண்டிய கேஜ் சரியாகவே காட்டினாலும் அதை நம்பி வால்வைத் திறக்க மாட்டோம். தெருவில் நீங்கள் மாட்டும் எந்தப் பெட்டியிலும் இப்படி ஒரு சீட்டை நான் பார்த்ததில்லை. காற்று மாசு அளக்கும் குறைந்த விலைச் சென்சார்களும் அப்படித்தான். தூசியில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து அளப்பவை அவை. காற்றில் ஈரம் ஏறினால் தூசி நீரை உறிஞ்சிப் பருத்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். சென்னையில் எந்த மாதம் ஈரம் இல்லை?

சிமென்டுக்கு வருகிறேன். இதில் எனக்கு அனுபவம் குறைவு. வீடு கட்டியபோது மேஸ்திரியோடு சண்டை போட்ட அளவுக்குத்தான் தெரியும்.

எல்சி3 என்று ஒரு சிமென்ட் வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து நம் சென்னை ஐ.ஐ.டி.யும், டெல்லி, பம்பாய் ஐ.ஐ.டி.க்களும் பல வருடம் உழைத்த விஷயம். சிமென்டின் முக்கியப் பொருளான, சூளையில் சுட்டெடுக்கும் க்ளிங்கரைப் பாதியாகக் குறைத்துவிட்டு, நூற்றுக்குச் சுட்ட களிமண் 30 பங்கு, சுண்ணாம்புக்கல் 15 பங்கு, ஜிப்சம் 5 பங்கு சேர்க்கிறார்கள். க்ளிங்கருக்குச் சூளை 1,450 டிகிரி வரை போக வேண்டும். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். கரியமில வாயு சுமார் 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது என்னும்போது இது சின்னக் காரியம் இல்லை. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கென்று ஐ.எஸ். 18189 என்ற தர விதியையும் கொண்டுவந்துவிட்டது. உப்பு உள்ளே இறங்காமல் தடுப்பதில் இது கெட்டிக்காரச் சிமென்ட் என்கிறார்கள். கடற்கரை ஊருக்கு அதுதானே வேண்டும். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவுக்குத் தயார்ப்படுத்துவதில், சாதாரண சிமென்டைவிட இது சற்றுப் பின்தங்குகிறது என்று உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். மறைக்காமல் எழுதியதைப் பாராட்ட வேண்டும்.

என் கேள்வி இதுதான். பலம் தெரிவதற்காகக் கான்கிரீட் க்யூபை 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்க்கிறோம். மழைநீர் வடிகால் 28 நாளுக்கா கட்டுகிறோம்? எங்கள் வடிகாலில் மழைநீர் மட்டும் ஓடினால் பரவாயில்லை. யாரோ திருட்டுத்தனமாகக் கொடுத்த இணைப்பில் சாக்கடையும் ஓடுகிறது. சாக்கடை தேங்கினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த வாயு மேல்மூடியின் அடிப்பக்கத்தில் ஒட்டி, கிருமிகளால் கந்தக அமிலமாக மாறிச் சிமென்டைத் தின்னும். தண்ணீர் தொடும் இடத்தைவிட, தொடாத இடம் முதலில் பொரிந்துபோகும். இதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் சுத்தமான உப்புத் தண்ணீரில் ஊறவைத்த கான்கிரீட் உருளை எப்படிச் சொல்லும்? அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் ட்ரீட் தீவு என்று ஓர் இடம் இருக்கிறது. 1936 முதல் அங்கே கடலோரத்தில் கான்கிரீட் துண்டுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் பக்கிங்காம் கால்வாயில் நாலு இடத்தில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடலாம். செலவு சங்கிலிக்கும் பூட்டுக்கும்தான். பூட்டு அவசியம், நம்ம ஊர் ஆயிற்றே.

மயிலாப்பூரில் என் மாமனார் வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் சாய்வாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர். பழையதெல்லாம் உசத்தி என்று சொல்ல இதை எடுக்கவில்லை. அந்தக் கூரையும் ஒழுகத்தான் செய்தது. ஆடி பிறந்தால் ஒரு கொத்தனார் வந்து, மேலே ஏறி, தட்டித் தட்டிப் பார்த்து, சத்தம் மாறும் இடத்தில் மட்டும் பூசிவிட்டு இறங்குவார். அவருக்குக் கொடுக்கும் கூலி வீட்டுக் கணக்கில் மளிகை மாதிரி ஒரு வரி. உங்கள் ப்ராஜெக்ட் பட்ஜெட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா?

அடுத்தது கணினி மாதிரி, அதாவது தண்ணீர் எங்கே எவ்வளவு ஓடும் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்கு. என் அக்கா பேத்தி இந்தத் துறையில்தான் ஆராய்ச்சி செய்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 1971-இல் எழுதிய ஸ்வம் என்ற மாதிரியை இன்றைக்கும் உலகம் முழுக்க வடிகால் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்களாம். நம் ஊருக்கென்றே, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பம்பாய், சென்னை ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் மற்றவர்களும் சேர்ந்து சிஃப்ளோஸ் என்ற எச்சரிக்கை அமைப்பை உருவாக்கி, அது 2019-இல் வந்தது. மழை, ஏரி, ஆறு, கடல் அலை ஏற்றம் எல்லாம் ஒன்றாகச் சேரும் கணக்கு. பெரிய வேலை.

ஒரு நாள் அவள் லேப்டாப்பில் ஒரு வடிகாலைத் திறந்து காட்டினாள். அதில் மானிங் எண் என்று ஓர் இடம். 1889-இல் ராபர்ட் மானிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர் கொடுத்த சூத்திரம். தண்ணீர் ஓடும் பாதை எவ்வளவு சொரசொரப்பு என்பதற்கு ஓர் எண். வழுவழுப்பான கான்கிரீட்டுக்கு 0.013. அந்த எண் இரண்டு மடங்கானால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், ஓடும் தண்ணீர் பாதியாகிவிடும். அந்த எண் மாறாமல், வண்டல் படிந்து ஆழம் மட்டும் பாதியானாலே, அகலமான வாய்க்காலில் ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

“இந்த 0.013 எப்போது போட்டது?” என்றேன்.

“டிசைன் படத்துல இருந்தது தாத்தா.”

போன வருடம் எங்கள் தெருவில் தூர் வாரினார்கள். ஐந்தாறு மூடிகளைத் திறந்து மூட்டை மூட்டையாக எடுத்ததை நான் நின்று பார்த்தேன். வண்டல், எம்-சாண்ட், உடைந்த டைல்ஸ், ஒரு தலையணை, ஒரு ஹெல்மெட், பக்கத்து அரச மரத்தின் வேர் சடை சடையாக. ஓரிடத்தில் வடிகாலுக்குள்ளேயே கேபிள் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. எந்தப் படத்தில் இது இருக்கிறது? அன்றைக்கு அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர், “இந்த மூடிக்கு ஆறு மூட்டை, அந்த மூடிக்கு ரெண்டுதான், எப்பவும் அப்படித்தான் சார்” என்றார். எந்தச் சென்சாரும் கொடுக்காத தகவல் அது. எந்த மூடியில் எத்தனை மூட்டை என்று எழுதி வைத்தாலே போதும். வடிகாலின் ஒவ்வொரு துண்டுக்கும் மாதிரியில் சரியான எண்ணைப் போடலாம். இப்போது அந்தத் தகவல் லாரியில் ஏறி வண்டலோடு போய்விடுகிறது. அவரிடம் ஒரு நோட்டு கொடுத்து, எழுதுவதற்குக் கூலியும் கொடுத்தால், உங்கள் ஆராய்ச்சிக் குழுவில் அவரும் ஒருவர். கட்டுரையில் நன்றி சொன்னால் மட்டும் போதாது.

2015 வெள்ளத்தை வைத்துச் சரிசெய்த கணினி மாதிரி இன்றைய ஊருக்குப் பொருந்துமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். அப்புறம் எத்தனை வடிகால் புதிதாக வந்தது, ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் மெட்ரோவுக்காக எவ்வளவு தோண்டினார்கள், எத்தனை காலி மனை மேடானது! எங்கள் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைத் தொட்டு, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பு 2022-இல், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வழியில் சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் ஒரு கல்வெர்ட் மாறினாலும் எங்கள் வராந்தாவுக்குத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. இதில் நான் தப்பாகவும் இருக்கலாம். சிக்கலான அமைப்புகள் பற்றிய ஆராய்ச்சிக்கு 2021-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்தத் துறையில் ஒரு விஷயத்தைப் பேத்தி சொன்னாள். ஓர் அமைப்பு தடம் புரளும் நிலையை நெருங்க நெருங்க, சின்ன அடிக்குக்கூட மீண்டு எழுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுமாம். ஏரி பாசியாக மாறுவதற்கு முன்னால், தட்பவெப்பம் தாவுவதற்கு முன்னால் இப்படி ஒரு மந்தம் தெரியும் என்று 2009-இல் மார்டன் ஷெஃபரும் மற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர்.ஐ. சுஜித் குழுவினர் என்ஜினுக்குள் எரிபொருள் எரியும் அறையின் சத்தத்திலேயே, அது கட்டுமீறி அதிரத் தொடங்குவதற்கு முன்பான அடையாளத்தைப் பிடிக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நான் உள்ளே போய் என் நோட்டை எடுத்து வந்தேன். 2015-க்குப் பிறகு ஒவ்வொரு பெரிய மழைக்கும் தெருவில் தண்ணீர் எப்போது நின்றது, எப்போது வடிந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். தொழில் பழக்கம், வேறொன்றும் இல்லை. முதலில் எல்லாம் விடியற்காலை மழைத் தண்ணீர் காபி குடித்து, பேப்பர் படித்து முடிப்பதற்குள் வடிந்துவிடும். அப்புறம் குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் வரை நின்றது. இப்போது சாதாரண மழைக்கே மத்தியானம் ஆகிறது. பேத்தி பக்கம் பக்கமாகப் புரட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டாள். “இது டேட்டா தாத்தா” என்றாள். அடைத்த வடிகால் மெதுவாக வடிகிறது என்பதற்கு இவ்வளவு பெரிய தத்துவம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் பெருமழையை மட்டும் பார்க்காமல், சின்ன மழை எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதையும் ஊர் முழுக்க யாராவது அளந்தால், எந்தத் தெரு அடுத்து மாட்டப்போகிறது என்று முன்கூட்டியே தெரியலாம் அல்லவா? அதற்கு அல்ட்ராசோனிக்கூட வேண்டாம். ஒரு கடிகாரம் போதும்.

பழைய சென்சாரைத் துடைத்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டினேன் என்று எழுதினால் எந்த இதழும் போடாது, மூன்று வருடத்தில் நிதி முடிந்துவிடும் என்று மோர் குடித்த பையன் சொன்னான். உண்மைதான். அதனால் இந்த மடல் உங்களுக்கு மட்டுமில்லை, உங்களுக்கு நிதி கொடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். புதுப் பெட்டி பத்து மாட்டும் பணத்தில் ஆறு மாட்டுங்கள். மீதியில் ஓர் ஐ.டி.ஐ. பையனை வேலைக்கு வைத்து, ஒரு பிரஷ்ஷும் ஏணியும் வாங்கிக் கொடுங்கள். பெட்டியில் தமிழில் ஒரு சீட்டு ஒட்டுங்கள், அதில் எடுத்துப் பேசும் ஓர் எண் இருக்கட்டும். எந்தச் சென்சார் எந்தத் தேதியில் எதனால் செத்தது என்பதையும் அந்த இணையப் பக்கத்திலேயே போடுங்கள். சிலந்தி என்று போட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் என்னிடம் அனுப்புங்கள்.

ஒரு அவசரமும் இருக்கிறது. எங்கள் வீட்டு வராந்தாச் சுவரில் 2015 முதல் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தண்ணீர் ஏறிய மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். வீட்டில் கல்யாணம் வருகிறது, வெள்ளையடிக்க ஆள் பேசியாகிவிட்டது. அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன், மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. ஆவணி கடைசி வரை தள்ளிப்போட்டிருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து அந்தக் கோடுகள் எவ்வளவு உயரம் என்று அதற்குள் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போனால் நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். உயரம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும், ஏணி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை